புங்கமரத்தடியும் வெளியாள் சட்டமும்

மூன்று பக்கம் மலையாலும் நான்காம் பக்கம் அரண்மனையாலும் சூழப்பட்ட நாடு சந்தனவெளி. மலைகளையாவது தாண்டிவிடலாம் என்று அந்த நாட்டு மக்கள் சொல்வதுண்டு.

அங்கே இரண்டு அணிகள் இருந்தன. வெயிலுக்குக் குடைதான் தீர்வு என்றது குடை அணி. இல்லை, விசிறிதான் என்றது விசிறி அணி. நான்காண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடந்தது. ஒருமுறை குடை வென்றது, மறுமுறை விசிறி வென்றது, வெயில் மட்டும் ஒருமுறைகூடத் தோற்கவில்லை.

பெரிய தேர்தலுக்கு முன்னால் சிறிய தேர்தல் ஒன்றும் உண்டு. ஒவ்வோர் அணியும் தன் வேட்பாளரைத் தன் ஆதரவாளர்களிடம் ஊர் ஊராக வாக்குக் கேட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முன்தேர்வு என்று பெயர். எந்தப் பெயருக்கு வாக்களிப்பது என்பதை அணித் தலைவர்களே முடிவு செய்து அச்சடித்துக் கொடுத்துவிடுவதால் மக்களுக்கு அதில் சிரமம் ஏதும் இருந்ததில்லை.

அரண்மனை மதிலுக்கு வெளியே, வாசலுக்கு இடது பக்கம், ஒரு புங்கமரத்தடியில் மனு எழுதிக்கொடுத்து வந்தவள் பெரியநாயகி. ஐம்பத்திரண்டு வயது. ஒரு கோரைப்பாய், சாய்வுப் பலகை, இரண்டு பேனா. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் எழுதிய மனுக்கள் அனைத்தும் ஒரே மாதிரிதான் முடியும்: “ஆவன செய்ய உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.” எழுதிய மனுவை ஏழாம் எண் சாளரத்தில் கொடுக்க வேண்டும். அதற்குள்ளே ஒரு கை இருந்தது. அது மனுவை வாங்கிக்கொள்ளும். அந்தக் கைக்குரிய முகத்தை யாரும் பார்த்ததில்லை.

பெரியநாயகிக்குச் சொந்தமாகவும் ஒரு மனு இருந்தது. அவள் குடியிருந்த சங்கிலித் தெருவுக்கு ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான் குடிதண்ணீர். மேட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டுதான் இருந்தது. வால்வைத் திறக்க ஓர் ஒப்பம் வேண்டும், அவ்வளவுதான். ஆண்டுக்கு ஒருமுறை அவள் அந்த மனுவைப் புதிய தாளில் எழுதிக் கொடுப்பாள். கை வாங்கிக்கொள்ளும்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த நாட்டில், அந்த ஆண்டு முன்தேர்வின் முதல் ஊரான ஆட்டுப்பட்டியில் ஒரு விபரீதம் நிகழ்ந்தது.

ஆட்டுப்பட்டியில் ஆடுகள் அதிகம், வாக்காளர்கள் குறைவு. ஆனாலும் அங்கே வென்றவர்தான் நாட்டை வெல்வார் என்று ஒரு நம்பிக்கை. ஆகவே தலைவர்கள் எல்லோரும் அங்கே வந்து, கொழுக்கட்டை தின்று, ஓர் ஆட்டைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். முப்பத்தொரு ஆண்டாகக் குடை அணியின் தலைவராக இருந்த பேரமைச்சர் மகுடேசுவரரும் எடுத்துக்கொண்டார். பிறகு வாக்குகளை எண்ணினார்கள். மகுடேசுவரருக்கு நாற்பது. அந்த வழியாகப் பல்பொடி விற்றுக்கொண்டு போன தாண்டவனுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு.

தாண்டவன் வேட்பாளராக மனுச் செய்திருக்கவே இல்லை. மாட்டுவண்டியில் நின்று ஒலிபெருக்கியில், “அரண்மனைக்குள்ள ஒருநாளும் கால் வைக்காதவன் நான்! என் பல்பொடியும் அப்படித்தான், கலப்படமே இல்லாதது!” என்று கூவினான். முதல் பாதியோடு ஊர் கைதட்டி எழுந்துவிட்டது. இரண்டாம் பாதியை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் புங்கமரத்தடியில் அதே பேச்சுதான். சங்கிலித் தெரு குருவம்மாள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடி வந்து நின்றாள்.

“நாயகியக்கா, கேட்டீங்களா? நம்ம தெருவே பல்பொடிக்காரனுக்குத்தான் போடப்போகுது.”

“அவன் என்ன செய்வான்னு ஏதாச்சும் சொன்னானா?”

“அதெல்லாம் எதுக்குக்கா? உள்ள இருக்கிறவன் எவனும் வேண்டாம். வெளியாளா இருந்தாப் போதும்.”

அரண்மனையில் அவசர ஆலோசனை நடந்தது. மகுடேசுவரர் எழுந்து, நீண்ட நேரம் தொண்டையைச் செருமினார்.

“மக்கள் வெளியாளை விரும்புகிறார்கள். மக்களின் விருப்பமே நமது விருப்பம். ஆகவே, வெளியாட்கள் மட்டுமே தேர்தலில் நிற்கலாம் எனச் சட்டம் இயற்றுவோம். வெளியாள் என்பதற்குரிய சான்றிதழை ஒவ்வொரு வேட்பாளரும் அரண்மனை உள்மண்டபத்திற்கு நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும்.”

நாடே சட்டத்தைக் கொண்டாடியது. தாண்டவன் மேளதாளத்தோடு சான்றிதழ் வாங்கப் போனான். உள்மண்டபத்தில் அவனை நாற்காலி போட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்து, பிறகு அறிவித்தார்கள்: “அரண்மனைக்குள் கால் வைத்தமையால் நீர் வெளியாள் அல்லீர்.”

வெளியே வந்த தாண்டவனை அவன் ஆதரவாளர்களே சந்தேகத்தோடு பார்த்தார்கள். “மோர் குடிச்சியா?” என்று ஒருவன் கேட்டான். தாண்டவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. பல்பொடிக்குத் திரும்பிவிட்டான். அதன்பின் வியாபாரம் நன்றாகவே நடந்தது என்று கேள்வி.

ஆனால் ஊர் ஊராக மக்கள் அதே பாட்டைத்தான் பாடினார்கள். ஓர் ஊரில் தவில்காரருக்கு வாக்களித்தார்கள், இன்னோர் ஊரில் காலியான ஒரு நாற்காலிக்கு. எனவே மகுடேசுவரர் அடுத்த ஆணையைப் பிறப்பித்தார். எவருடைய மேசை மதிலுக்கு வெளியே இருக்கிறதோ அவரே வெளியாள்.

அன்று பிற்பகலே அமைச்சர்களின் மேசைகள் அரண்மனையை விட்டு வெளியே வரத் தொடங்கின. நிழல் இருந்தது புங்கமரத்தடியில் மட்டும்தான். பதினேழு மேசைகள் வந்து நின்றதும் பெரியநாயகியின் பாய்க்கு இடமில்லாமல் போனது.

மகுடேசுவரர் அவளைக் கனிவோடு பார்த்தார். “அம்மணி, சற்று நகர்ந்து அமர முடியுமா? வெளியாட்கள் அமரும் இடம் இது.”

“நான் இருபத்திரண்டு வருஷமா இங்கதாங்க உட்கார்ந்திருக்கேன்.”

“பாருங்கள்!” என்று பேரமைச்சர் மற்றவர்களிடம் திரும்பினார். “இத்தனை ஆண்டு ஓரிடத்தில் வேரூன்றியவரை வெளியாள் என்று எப்படிச் சொல்வது?”

பெரியநாயகிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு மரத்தின் பின்பக்கம், மதிலை ஒட்டியிருந்த வெயிலில் போய் உட்கார்ந்தாள். அன்று எழுதிய மனுக்களை ஏழாம் சாளரத்தில் கொடுக்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். உள்ளே கை இல்லை. அந்தக் கைக்குரியவரும் வேட்பாளராகிவிட்டார்.

வால்வை ஒன்பது நாளைக்கு ஒருமுறை திறக்கச் சொல்லவும் இப்போது ஆளில்லை. பன்னிரண்டு நாள் ஆயிற்று. பதினைந்து நாள் ஆயிற்று. சங்கிலித் தெருவில் சண்டை சமையலறை வரை வந்துவிட்டது. குருவம்மாளின் மாமியார் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டதற்கு, “ஒரு அமைச்சரைக் கூப்பிட்டு ஒப்பம் வாங்கிட்டு வாங்க அத்தை” என்று அவள் பதில் சொன்னதாகத் தெருவே பேசிக்கொண்டது.

இதற்கிடையே மரத்தடியிலும் மனக்கசப்பு முளைத்தது. யாருடைய மேசை மதிலிலிருந்து அதிக தூரத்தில் இருக்கிறது என்று அமைச்சர்கள் அடிக்கோல் வைத்து அளந்துகொண்டார்கள். வெயிலும் ஏறிக்கொண்டே போனது. உள்ளே மின்விசிறிகள் சும்மா தொங்கிக்கொண்டிருந்ததை நினைத்து அவர்கள் பெருமூச்சு விட்டார்கள். கடைசியில் மகுடேசுவரருக்கு அந்த யோசனை உதித்தது.

“நாம் ஏன் நகர வேண்டும்? மதிலை நகர்த்துவோம்.”

மூன்றாவது ஆணை வெளிவந்தது. பழைய மதிலை இடித்துவிட்டு, அமைச்சர்களின் அறைகள், விருந்து மண்டபம், நீச்சல் குளம் ஆகியவை வெளியே அமையுமாறு புதிய மதில் எழுப்பப்பட வேண்டும். மேசைகள் மகிழ்ச்சியோடு தத்தம் அறைகளுக்குத் திரும்பின. கொத்தனார்கள் வந்தார்கள். அரண்மனை என்ற பெயரில் மதிலுக்குள் எதையாவது விட்டுவைக்க வேண்டுமே என்று யோசித்து, யாருக்கும் தேவைப்படாத இரண்டை விட்டுவைத்தார்கள். ஒன்று ஏழாம் எண் சாளரம். மற்றொன்று அதையடுத்த புங்கமரத்தடி.

மதில் எழும்பியபோது பெரியநாயகி எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு விதவையின் உதவித்தொகை மனு, நுணுக்கமான வேலை. தலை நிமிர்ந்தபோது நாற்புறமும் செங்கல். ஒரு பக்கம் மட்டும் வாசல். வாசலில் பழைய காவலர் இருளப்பன் விறைப்பாக நின்று அவளுக்கு வணக்கம் வைத்தார்.

“என்னங்க இது, எனக்கா வணக்கம்?”

“அரண்மனைக்குள்ள இருக்கிறவங்களுக்கு வைக்கணும்ங்கிறது உத்தரவும்மா.”

“உள்ள வேற யாரு இருக்கா?”

இருளப்பன் சுற்றிலும் பார்த்தார். “ஒரு அணில் இருக்கு. அதுக்கு உத்தரவு இல்லை.”

பெரியநாயகி வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தாள். ஆனால் மனு எழுதுகிறவள் ஆகையால் சட்டப் புத்தகம் அவளுக்கு மனப்பாடம். அதில் ஒரு வரி நினைவுக்கு வந்தது: அரண்மனை மதிலுக்குள் இருப்பவர் மனுவைப் பெற்று ஆணையிடுவார். எந்தப் பதவியில் இருப்பவர் என்று அதில் சொல்லியிருக்கவில்லை. எழுதியவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது.

அவள் மெதுவாக எழுந்து ஏழாம் சாளரத்தின் பின்பக்கம் போனாள். உள்ளே ஒரு முக்காலி, காய்ந்துபோன மைக்கூடு, முத்திரை. அலமாரி முழுக்க மனுக்கள். எல்லாம் அவள் கையெழுத்து. எதையும் யாரும் பிரித்திருக்கவில்லை. மேலே இருந்த ஒன்றின் தூசியை ஊதினாள். பிறகு புடவைத் தலைப்பால் முக்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

முதலில் சங்கிலித் தெரு மனுவை எடுக்கக் கூச்சமாக இருந்தது. அதனால் விதவையின் மனுவை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். இருபத்திரண்டு ஆண்டாகக் கேள்வியை மட்டுமே எழுதிய கை அது. மனுவின் அடியில் “அவ்வாறே செய்க” என்று எழுதி, முத்திரையை ஊதி, அழுத்தினாள். ஒன்றும் இடிந்து விழவில்லை. அடுத்ததை எடுத்தாள். பன்னிரண்டாவதாகத் தெருவின் மனுவை எடுத்தபோது கூச்சம் போயிருந்தது.

“இருளப்பண்ணே, இதை மேட்டுத் தொட்டிக்காரர்கிட்ட கொடுக்க முடியுமா?”

“முத்திரை இருந்தா அவன் ஏன்னு கேக்கவே மாட்டாம்மா. இத்தனை நாளா அது இல்லாமத்தான் சும்மா உட்கார்ந்திருக்கான்.”

மறுநாள் விடியற்காலையில் சங்கிலித் தெருக் குழாய்கள் இருமி, காற்றைத் துப்பி, பிறகு பொழிந்தன. குருவம்மாளின் மாமியார் அன்று மூன்று முறை வாய் கொப்பளித்தார்.

அடுத்த மூன்று மாதம் தலைவர்கள் நாடெங்கும் சுற்றினார்கள். பெரியநாயகி சாளரத்தில் உட்கார்ந்து அலமாரியை ஒவ்வொரு தட்டாகக் காலி செய்தாள். பள்ளிக்கூடத்துக்கு ஓடு, ஆட்டுப்பட்டிக்கு ஒரு கால்நடை வைத்தியர், தவில்காரருக்கு ஓய்வூதியம். ஆகாது என்று எழுதவேண்டியவற்றுக்கு ஏன் ஆகாது என்று இரண்டு வரி எழுதினாள். அதை வாங்கிக்கொண்டு போனவர்களும்கூடச் சிரித்தபடிதான் போனார்கள். பதில் என்ற ஒன்று வரும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை.

முன்தேர்வு முடிந்தது. குடை அணியின் வெளியாளாக மகுடேசுவரரும், விசிறி அணியின் வெளியாளாக இருபது ஆண்டு அவரோடு விருந்துண்ட எதிர்த்தலைவரும் நின்றார்கள். மகுடேசுவரர் ஆட்டுப்பட்டி மேடையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முழங்கினார்.

“பெருங்குடி மக்களே! அரண்மனைக்குள் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்! யார் உட்காரவைத்தது அவளை? நானோ எளியவன். மதிலுக்கு வெளியே, ஒரு நீச்சல் குளத்தின் கரையில் வசிப்பவன்!”

கூட்டம் ஆர்ப்பரித்தது.

தேர்தலுக்கு முந்தைய நாள் குருவம்மாள் சாளரத்துக்கு வந்தாள். பெரியநாயகியின் முகத்தைப் பார்க்கவில்லை.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு நான் மகுடேசுவரருக்குத்தான் போடப்போறேன்.”

“தண்ணி வருதா, குருவு?”

“அது தெனமும் வருது. அஞ்சு மணிக்கே வந்து எழுப்பிவிட்டுடுது. ஆனா அது வேறக்கா. அரண்மனை ஆளுங்க மேல எனக்கு ஒரு கோவம் இருக்கு இல்ல? அது உங்களுக்கே தெரியும், எத்தனை மனு நீங்களே எழுதியிருக்கீங்க!”

பெரியநாயகி சாளரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். குருவம்மாளுக்கும் என்னவென்று தெரியாமலே சிரிப்பு வந்துவிட்டது.

மகுடேசுவரர் பெருவெற்றி பெற்றார். மாலையும் கழுத்துமாகப் புதிய மதிலின் வாசலுக்கு வந்தார். பெரியநாயகி முத்திரையைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். அலமாரி காலியாக இருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். ஏதோ களவு போனதுபோல் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“வால்வு ஆணைக்கு நாள் குறிக்கலைங்க. இனி அதுக்கு வருஷாவருஷம் ஒப்பம் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அவள் வெளியே நடந்தாள்.

மகுடேசுவரர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வலது காலை வைத்தார். ஆரவாரம் பாதியில் நின்றது.

“உள்ள போயிட்டான்யா!” என்றது ஒரு குரல்.

“எல்லாவனும் இப்படித்தான்” என்றது இன்னொன்று. மாலைக்கு மிச்சமான பூவைக் கையில் வைத்திருந்தவர்கள் யார் மேல் போடுவது என்று திகைத்து நின்றார்கள்.

அப்போது தெருமுனையில் தோளில் ஒரு பையோடு, சட்டையெல்லாம் புழுதியாக ஒருவன் வந்து நின்றான். வேறு எங்கோ போகிற வழியில் தவறி இறங்கிவிட்டவன்.

“ஐயா, இங்க பஸ் நிலையம் எந்தப் பக்கம் இருக்கு?”

கூட்டம் மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது.

“பஸ் நிலையம் எங்கன்னுகூடத் தெரியலை!” என்று குருவம்மாள் பரவசத்தோடு கத்தினாள். “இவர்தான்யா நம்ம ஆளு!”

பூக்கள் பறந்தன. அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அவன் பெயரை யாரோ ஒருவன் ஒலிபெருக்கியில் தப்பாகச் சொன்னான், கூட்டம் அதையே முழங்கியது. அவன் பையை இறுகப் பிடித்துக்கொண்டு, தலைகளுக்கு மேலாக, அந்த இடத்தில் சும்மா நின்றிருந்த ஒரே ஆளான பெரியநாயகியைப் பார்த்துக் கெஞ்சினான்.

“அம்மா, இவங்க எல்லாம் யாரு? என்னை எங்க கொண்டுபோறாங்க?”

“ஆட்டுப்பட்டிக்கு” என்றாள் பெரியநாயகி. “கொழுக்கட்டை நல்லா இருக்கும். சாப்பிட்டுட்டுப் பின்பக்கமா இறங்கிடுங்க. சாயங்காலம் ஆறரைக்கு ஒரு பஸ் இருக்கு.”