என் மகள் ‘சீரியஸ்’

ஆங்கிலத்தில் ‘சீயிங் சம்ஒன்’ என்றால் டாக்டரைப் பார்ப்பது என்றுதான் ஐம்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். (சிரிக்காதீங்க. உடம்பு சரியில்லன்னா ‘யாரையாவது பாத்தியா’ன்னுதானே நாம கேட்போம்?)

திருவொற்றியூரில் வீடு, சாத்தாங்காட்டில் இரும்புக் கம்பிக் கடை. ‘லோடு’, ‘அன்லோடு’ தவிர எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கற்றது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என் மகள் ஜெனி மாடிப்படியில் உட்கார்ந்து பெங்களூர்த் தோழியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். துண்டு துண்டாகக் காதில் விழுந்தது.

“ஐ ஆம் சீயிங் சம்ஒன்.” யாரோ டாக்டரைப் பார்க்கிறாள். “இட்ஸ் கெட்டிங் சீரியஸ்.” என் வயிற்றுக்குள் கம்பிக் கட்டு ஒன்று அவிழ்ந்து விழுந்தது. “சன்டே டேட்.” ஆபரேஷனுக்கு நாளே குறித்துவிட்டார்கள்!

அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்கிற தெம்பு இல்லை. சமையலறைக்கு ஓடி மனைவி மேரியிடம் சொன்னேன்.

“இன்னாய்யா சொல்ற? நேத்துகூட வஞ்சிரக் கொழம்ப வழிச்சி துன்னாளே!”

“கடைசி ஆசையா இருக்கும்டீ!”

மேரி அழுதாள். நான் அவளைவிடச் சத்தமாக அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனி புதுச் சுடிதாரில் கிளம்பினாள். ஆபரேஷனுக்குப் போகிற குழந்தை எப்படிப் பவுடர் போட்டுக்கொள்கிறது பார் என்று நெஞ்சு வெடித்தது. பின்னாலேயே ஆட்டோவில் நாங்கள்: பாய், தலையணை, ஃபிளாஸ்க்கில் கஞ்சி, சிவப்பு பிளாஸ்டிக் வாளி. (வாளி இல்லாம வார்டுக்குப் போய் ஒரு தடவை பட்டவன் நான்.)

ராயபுரத்தில் ஓர் ஐஸ்கிரீம் கடைக்குள் நுழைந்தாள். ஆஸ்பத்திரி மாடியில் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு எட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டைப் பையன் ஒருவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். நாடி! வாளியோடு பாய்ந்தேன்.

“டாக்டர்! எங்கிட்ட ரெண்டு கிட்னி கீது. எது வோணுமோ எட்த்துக்கோ, எம்பொண்ண மட்டும் காப்பாத்திடு!”

பையன் வாயில் ஸ்பூனோடு எழுந்தான். “அங்கிள்... நான் டாக்டர் இல்ல. எண்ணூர்ல கிரேன் ஓட்றேன்.”

“கிரேன் ஓட்றவன் இன்னாத்துக்குடா நாடி பாக்கற?”

கடையே திரும்பியது. ஜெனி மெனு அட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். “நைனா, மொதல்ல அந்த வாளிய கீழ வை.”

மேரிக்குத்தான் முதலில் விளங்கியது. என் முதுகில் ஓர் அடி விழுந்தது. “யோவ்! அவன் நாடி பாக்கலய்யா. கையப் புட்ச்சிகினு கீறான்!”

கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் மகளுக்கு வியாதி இல்லை என்ற சந்தோஷத்தில் கடையிலிருந்த அத்தனை பேருக்கும் ஐஸ்கிரீம் சொல்லிவிட்டேன். பையனின் பெயரைக் கேட்க வேண்டும் என்பதே வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. (கஞ்சிய அவன்தான் குடிச்சான். மரியாதக்கார பையன்.)

இன்றுவரை எங்கள் வீட்டில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘டாக்டர்’தான். எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த அம்மா அதை நம்பி அவனிடம் முட்டிவலிக்கு மாத்திரை கேட்டார்.

கல்யாணம் முடிந்து சீர் சாமான்கள் எண்ணூருக்குக் கிளம்பியபோது, வண்டியில் முதலில் ஏறியது அந்தச் சிவப்பு வாளி.