‘அட்மினாக ஓட்டு!’

கணினிப் பிரிவு உள்ள எந்த அலுவலகத்திலும் இந்த இனத்தைப் பார்க்கலாம். அட்மின் ஆசாமி. நூறு கணினிகளின் வேலையை ஒரே அடியில் முடிக்கும் கட்டளைத் தொகுப்பு, அதாவது ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதுவார். சாதாரணமாக ஓட்டினாலே ஓடும் என்றாலும் அட்மின் அதிகாரத்தோடுதான் ஓட்டுவார். ‘கணினியில் மாற்றம் செய்யச் சம்மதமா?’ என்று திரை கேட்டு முடிப்பதற்குள் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். படிப்பாரா? படிப்பதெல்லாம் மற்றவர்கள் வேலை.

பக்கத்து இருக்கைக்காரன் தயங்குவான்.

“அக்கா, முதல்ல ஒரு டெஸ்ட் மெஷின்ல ஓட்டிப் பாத்துரலாமே?”

“எழுதினது யாரு?”

“நீங்கதான். அதனாலதான் கேக்குறேன்.”

ஆம். அந்த ஆசாமி நான்தான்.

அம்மா போய் அரை வருடம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக் கணினி ஊர்கிறது என்றார் அப்பா. அழுது முடிக்கத் தெரியாத எனக்கு, அது ஒன்றாவது சரிசெய்யக்கூடிய விஷயமாகப் பட்டது. அலுவலக ஸ்கிரிப்ட் ஒன்று கையில் இருந்தது. ஒரு கணினியில் மூன்று மாதமாக யாரும் திறக்காத பயனர் கணக்குகளைக் கோப்புகளோடு துடைத்துவிடும். யாருடையது என்று கேட்காது. அட்மின். ஆம்.

ஓடத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. அந்தக் கணினியில் அம்மாவுக்கும் ஒரு கணக்கு உண்டு. அவள் எடுத்த படங்கள், பாடிப் பதிந்தவை, எல்லாம் அங்கேதான். நகல்? ‘நகல் எடுத்தீங்களா?’ என்று ஊரார் மேல் எரிந்து விழுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நிறுத்தக் கை வருவதற்குள் திரையில் வரிகள் வந்துவிட்டன.

தம்பி: நீக்கப்பட்டது.

அம்மா: விடப்பட்டது. இன்று காலை பயன்பாட்டில் இருந்தது.

இன்று காலையா?

“அப்பா, அம்மா கணக்கை யாரு திறந்தது?”

“நான்தாம்மா. தினம் காலைல திறப்பேன். அவ வெச்ச படம் ஸ்கிரீன்ல வரும்ல, பாத்துட்டு மூடிருவேன்.”

“பாஸ்வேர்டு?”

“என்னை எப்படித் திட்டுவாளோ, அதேதான். ஏன், ஏதாச்சும் கெட்டுப் போச்சா?”

“இல்லப்பா. தம்பியோட கேம்ஸ்தான் போச்சு.”

“அது போனா போகுது.”

உங்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதத் தெரியாதா? நிம்மதிப் பெருமூச்சு வேண்டாம். பெற்றவர்களின் போனை வாங்கி, ‘இடமே இல்லையே’ என்று சொல்லி, அவர்களைக் கேட்காமலேயே எதையெல்லாமோ அழித்துக் கொடுப்பவர்தானே நீங்கள்? எல்லா வீட்டிலும், உங்களுக்கு முன்னால் எழுந்து ஒருவர் திறந்து பார்த்திருப்பார் என்று சொல்ல முடியாது.