பிள்ளையார் கோயில் வரைக்கும்தான்

கடலூர் ஜில்லாவில் நடக்கத் தெரிந்த மனிதர் ஒரே ஒருத்தர்தான் இருந்தார். மற்றவர்களெல்லாம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேருகிறார்கள், அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் மனிதர்களைத்தான். ஓட்டை தேக்சாவோடு பாத்திர வாடகைத் தொழிலில் இறங்கி, இன்றைக்குக் கடலூரில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை உட்காருவதற்கு முன்னால் என் நாற்காலி உட்கார்ந்திருக்கும் என்கிற அளவுக்கு வந்தவன். மண்டப வாசலில் நின்று ஊரே நடந்து வருவதைப் பார்த்தவன். ஆகவே நீங்கள் நம்பலாம்.

அந்த மனிதருக்கு நாங்கள் வைத்த பெயர் ஜமீன். என் கடையில் நாற்காலி தூக்கும் ஆள்தான். என்னைவிடச் சின்னவர். ஆனாலும் 'அவன்' என்று எழுதக் கை வரவில்லை. ஆறடி உயரம். மீசையை மேலே முறுக்கிவிட்டிருப்பார். வலது காலை எடுத்து வைத்தால், அது பூமியில் இறங்குவதற்குள் இடது கால் ஒரு சின்னத் தூக்கம் போட்டு எழுந்துவிடும். மற்ற ஆட்கள் பத்துப் பத்து நாற்காலியாக அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஜமீன் கைக்கு ஒன்றாக, சம்பந்தி வீட்டுக்குச் சீர் கொண்டுபோவதுபோல் கொண்டுபோவார்.

ஒரு தடவை செம்மண்டலத்தில் ஒரு கல்யாணம். கையில் ஒற்றை நாற்காலியோடு ஜமீன் உள்ளே நுழைகிறார். பெண்ணின் அப்பா பதறிப்போய், "வாங்க வாங்க, நீங்க போய் நாற்காலிய தூக்கிட்டு..." என்று அதைப் பிடுங்கி, முதல் வரிசையில் போட்டு, ஜமீனை அதிலேயே உட்காரவைத்து, பன்னீர் தெளித்து, காபியும் கொடுத்துவிட்டார். நான் நாற்காலி பற்றாமல் அலைந்துகொண்டிருக்கிறேன், இவர் கால்மேல் கால் போட்டுக் காபி ஆற்றிக்கொண்டிருக்கிறார்.

"யோவ் ஜமீன், இன்னாய்யா இது?"

"அவரு மனசு நோவக் கூடாதுன்னு பாத்தேன் பாய்."

"காபி எப்படி?"

"சக்கரை ஜாஸ்தி."

இன்னொரு நாள் கோர்ட்டு வளாகத்தில் ஏதோ விழாவுக்குப் பந்தல் போடப் போனோம். ஜமீன் தாழ்வாரத்தில் நடந்து போனார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஒருத்தர் துணிந்து, "ஐயா எந்த கேஸுக்கு?" என்று கேட்டுவிட்டார். ஜமீன் நின்று, யோசித்து, "பந்தலு" என்றார். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, பயபக்தியோடு தலையை ஆட்டினார்.

அவரிடம் எனக்கு ஒரே ஒரு சண்டைதான். செருப்பைக் கழற்றமாட்டார். விரித்த ஜமக்காளத்தின் மேலேயே போவார். "கழட்டுய்யா!" என்று கத்தினால், "கழட்டறதுக்கா பாய் போட்டேன்?" என்பார். இது என்ன பிடிவாதம் என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

செல்போனில் கேமரா வரத் தொடங்கியிருந்த காலம் அது. சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் சினிமா எடுக்க வந்தார்கள். சாதிக் கொடுமையைப் பற்றிய படம். டைரக்டர் சின்ன வயசுத் தம்பி, முதல் படம். நாற்காலி, ஷாமியானா, சாப்பாடு எல்லாம் நான். என் பிரியாணி இல்லாமல் அந்தப் படமே இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

மினி லாரி அந்த ஊர் எல்லையைத் தொட்டதும் ஜமீன் செருப்பைக் கழற்றினார். துண்டில் சுற்றினார். சீட்டுக்கு அடியில் திணித்தார்.

"இன்னாய்யா, இங்க மட்டும் கழட்டற?"

"முள்ளு பாய்."

"முள்ளுன்னா செருப்ப போடுவாங்க. கழட்டுவாங்களா?"

ஜமீன் அந்தத் துண்டை இன்னும் உள்ளே தள்ளினார். இறங்கியதும் நாங்கள் எல்லோரும் தெரு வழியாகப் போனோம். ஜமீன் மட்டும் வாய்க்கால் கரையில் சுற்றிக்கொண்டு வந்தார். அதுவும் எப்படி? குனிந்துகொண்டு, குட்டிக் குட்டி எட்டாக, வேகவேகமாக. என் கண் முன்னாலேயே ஆறடி ஆள் அஞ்சடி ஆனார்.

"டேய் முனியன் மவனே! கடலூர்லயா இருக்கற? நல்லா கொழுத்துட்டடா!" என்று ஒரு குரல். மேலத்தெருவின் பெரிய மனுஷர் கலியமூர்த்தி. நிலம், டிராக்டர், வாய், மூன்றும் பெரிது. என் ஜமீனை ஒருத்தர் 'டேய்' என்று கூப்பிட்டு அப்போதுதான் கேட்கிறேன். அது ஜமீனின் சொந்த ஊர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. காலனி ஆட்கள் மேலத்தெருவில் செருப்புப் போட்டு நடப்பதில்லை. அதற்குப் போர்டு ஒன்றும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் படிக்கத் தெரிந்திருந்தது.

படத்தில் ஒரு பண்ணையார் வருகிறார். செருப்புச் சத்தத்தோடு தெருவில் நடக்க, தெரு முழுக்கத் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட வேண்டும். பண்ணையாராக நடிக்க மெட்ராஸிலிருந்து வரவேண்டியவருக்கு ஜுரம், வரவில்லை. செய்தி பரவியதும் கலியமூர்த்தி வீட்டுக்கு ஓடினார். மீசைக்கு மை, பட்டுச் சட்டை, மைனர் செயின் என்று திரும்பி வந்து டைரக்டர் முன்னால் நின்றார்.

டைரக்டர் தம்பி முன்னாலே பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். என் காதில் வந்து, "சார் நல்லாத்தான் இருக்காரு பாய். ஆனா பாத்தா சொசைட்டியில உரம் அளந்து குடுக்கறவரு மாதிரி இருக்கு" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஷாமியானாவுக்குப் பின்னால் ஜமீன் ஒரு நாற்காலியோடு போனார். தெரு ஆட்கள் யாரும் பார்க்கவில்லை என்கிற தைரியத்தில், தன் சொந்த நடை. டைரக்டர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். "யாரு பாய் அது?"

இவர்தான் பண்ணையார் என்று டைரக்டர் சொன்னதுதான் தாமதம், வெடித்தது. மேலத்தெருவே கூடிவிட்டது.

"இன்னா பாய், வெளையாடறீங்களா? முனியன் மவன நாங்க கும்புடறதா?" என்று குதித்தார் கலியமூர்த்தி. "பெத்தவங்கள தவிர நான் ஒருத்தனையும் கும்புட்டதில்ல."

"போன வாரம் பேங்க் மேனேஜர கும்புட்டீங்களாமே?"

"அது லோனு பாய். கும்புடு இல்ல."

நான் விடுவேனா? எத்தனை சம்பந்திச் சண்டையைத் தீர்த்தவன்! "அண்ணே, அவன் பின்னாடி இருக்கறது கேமரா. நீங்க கும்புடறது கேமராவதான். தமிழ்நாடே உங்க கும்புட வாங்கிக்கப் போவுது" என்றேன். பெண்கள் எல்லாம் பவுடர் போட்டுத் தயாராக நின்றார்கள். தேக்சாவில் தம் பிரிக்கிற வாசனை வேறு. கலியமூர்த்தி இறங்கி வந்தார்.

"சரி. ஒரே தடவதான் கும்புடுவோம். அவன் செருப்பு போடக் கூடாது."

டைரக்டர் தம்பிக்கு வெயில் போகிற கவலை. "பரவால்ல சார், காலு ஃப்ரேம்ல வராது" என்றுவிட்டார். சாதிக் கொடுமையை எதிர்த்துப் படம் எடுக்க வந்தவர்தான். வெளிச்சம் போய்விடும் என்றால் என்ன செய்வார், பாவம்.

காஸ்ட்யூம்காரர் அதற்குள் மாட்டிவிட்டிருந்த பண்ணையார் சட்டையை ஜமீன் கழற்றி மடித்து என்னிடம் நீட்டினார்.

"இன்னாய்யா?"

"வெறுங்காலோட நடக்கறதுக்கு நடிப்பு எதுக்கு பாய்? அதான் பொறந்ததுலேருந்து நடந்துகினு இருக்கேனே."

சட்டை என் கையில் இருக்கிறது. டைரக்டர் என் முகத்தைப் பார்க்கிறார். வெயில் சாய்கிறது. ஜமீனோ கண் எடுக்காமல் அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பிரியாணிப் பந்தியில் இலை கிடைக்காத ஆள் பார்ப்பதைப்போல. அவருக்கு வேண்டியது சினிமா இல்லை, அந்தத் தெரு என்பது மூன்றாம் வகுப்புக்காரனான எனக்கே விளங்கிவிட்டது. நான் கலியமூர்த்தியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

"அண்ணே, படத்துல அவன் யாரு? உங்கள மாதிரி ஒரு பெரிய மனுஷன். நாளைக்கு தியேட்டர்ல வெறுங்காலோட வந்தான்னா ஜனங்க இன்னா பேசும்? 'இந்த ஊரு பெரிய மனுஷனுக்கு ஒரு செருப்பு வாங்க வக்கில்ல போலருக்கு'ன்னு பேசும். அசிங்கம் யாருக்கு?"

கலியமூர்த்தி தன் காலைப் பார்த்துக்கொண்டார்.  "போடட்டும். ஆனா புள்ளையார் கோயிலு வரைக்கும்தான். ஒரே தடவதான்."

பிள்ளையார் கோயில் பாதித் தெருவில் இருந்தது. கேமராவுக்கும் அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொரு விஷயம் சொல்லவேண்டும். உதவி டைரக்டர் கத்தினால் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வந்தது. என் தொண்டையோ பந்தியில் "எலைய போடு!" என்று கத்தி உரமேறியது. ஆகவே மெகாபோனை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். டைரக்டர் மெல்லச் சொல்வார், நான் ஊருக்குச் சொல்வேன். அன்றைக்கு அந்தத் தெருவில் 'கட்' சொல்லும் அதிகாரம் என் கையில்.

"ஆக்‌ஷன்!" என்றேன். காக்காய்கள் பறந்தன.

ஜமீன் கிளம்பினார். காஸ்ட்யூம்காரர் கொடுத்த தோல் செருப்பு, நெரிக் நெரிக் என்று முனகியது. வலது கால் இறங்கியது. இடது கால் தூங்கி எழுந்தது. இரண்டு பக்கமும் துண்டுகள் தோளிலிருந்து இடுப்புக்குப் போயின. கைகள் கூம்பின. மீசைக்கு மை போட்ட கலியமூர்த்தி முதல் ஆளாக வளைந்து நின்றார். பிள்ளையார் கோயில் வந்தது.

"கட்" என்றார் டைரக்டர் மெல்ல.

என் வாழ்நாளிலேயே அன்றைக்கு மட்டும் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

ஜமீன் கோயிலைத் தாண்டினார். நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. தெருவுக்கு ஒன்றும் புரியவில்லை. கூப்பிய கையை எடுக்கலாமா கூடாதா? கலியமூர்த்தி உதட்டை அசைக்காமல், "பாய்... கட்டா?" என்றார்.

"இன்னும் இல்லண்ணே. அசையாதீங்க. அசைஞ்சா இன்னொரு தடவ கும்புடணும்."

சிலையாகிவிட்டார்.

ஜமீன் டிராக்டர் ஷெட்டைத் தாண்டினார். தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போனார். அங்கே நின்று மீசையைத் தடவினார். சரி, முடிந்தது என்று நான் மெகாபோனை வாயில் வைத்தேன். மனுஷர் திரும்பினார். அதே நடையில், மறுபடியும் முழுத் தெருவும்! நெரிக், நெரிக். ஒரு துண்டு தோளுக்கு ஏறவில்லை. ஒரு கை பிரியவில்லை. அவர் வந்து என் பக்கத்தில் நின்ற பிறகுதான் எனக்குத் தொண்டை திறந்தது.

கலியமூர்த்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேமராமேனிடம் போனார். "எப்படி வந்துச்சு?"

"உங்க கும்பிடு ரொம்ப இயல்பா இருந்துச்சு சார்."

அவருக்கு வாயெல்லாம் பல். மறுசோறு கேட்டுப் பிரியாணி சாப்பிட்டார்.

படம் வந்தது. கடை ஆட்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் தியேட்டருக்குப் போனேன். காலனி ஜனம் மொத்தமும் முன்வரிசையில். அந்த இடம் வந்தது. கலியமூர்த்தியின் கும்பிடு திரை முழுக்க வந்தது, மீசை மை வழிவதுகூடத் தெரிந்தது. ஜமீனின் மீசை வரவில்லை. முகமே வரவில்லை. கேமராமேனும் அன்றைக்குக் கேமராவை நிறுத்தாமல் காலுக்கு இறக்கிவிட்டார்போல. தூசியில் இரண்டு கால்கள் மட்டும், தோல் செருப்போடு, தெரு நீளத்துக்கும் போய்க்கொண்டே இருந்தன. முன்வரிசையில் அடித்த விசிலில் கூரையில் இருந்த புறாக்கள் கிளம்பிவிட்டன.

எனக்கு மனசு கேட்கவில்லை. "மூஞ்சிய காட்டாம உட்டுட்டானுங்களே ஜமீன்."

அவர் திரையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார். "என் மூஞ்சி அந்தத் தெருவுல எத்தினியோ தடவ போயிருக்கு பாய். செருப்புதான் போனதில்ல."

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தார். நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் நான் மெல்லக் கேட்டேன்.

"எந்த வழியா போனே?"

"மேலத்தெரு."

"செருப்போடவா?"

"ஆமா பாய்."

"யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"கலியமூர்த்தி கேட்டாரு. 'இன்னாடா, திரும்ப ஷூட்டிங்கா?'ன்னாரு. ஆமான்னேன். 'கேமராவ காணுமே'ன்னாரு. தூரத்துல வெச்சிருக்காங்கன்னேன்."

"அப்புறம்?"

"தோள்ல கெடந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டிகிட்டாரு பாய்."

நான் சிரித்த சிரிப்பில் அடுக்கி வைத்த நாற்காலிகள் சரிந்தன. ஜமீன் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, சீர்வரிசைபோல் மறுபடி அடுக்கினார்.

மறுநாள் அவரை பஜாருக்குக் கூட்டிப்போய் நல்ல தோல் செருப்பாக ஒரு ஜோடி எடுத்து, குதிகாலுக்கு அடியில் லாடம் அடிக்கச் சொன்னேன்.

"சத்தம் போடுமே பாய்" என்றார் கடைக்காரர்.

"போடட்டும்" என்றேன். "நல்லாப் போடட்டும்."