தார்ப்பாய் பாயும் ஜப்பான் கிடாரும்

குடவாசலில் கரண்ட் கம்பியைத் தொட்டு ஷாக் வாங்கியவர்களைவிட, தார்ப்பாய் பாயோடு கைகுலுக்கி ஷாக் வாங்கியவர்கள்தான் அதிகம். நானும் அதில் ஒருவன்.

வங்கி வேலையில் மாற்றலாகி அந்த ஊருக்குப் போன அன்று, மாடி வீடு வாடகைக்கு இருக்கிறதென்று கேள்விப்பட்டு அவர் கடைக்குள் நுழைந்தேன். தார்ப்பாயும் கயிறும் சாக்கும் விற்கிற கடை. அறுவடை சமயத்தில் வானம் லேசாகக் கறுத்தால்கூட சுற்றுவட்டார விவசாயிகள் நெல்லை மூட அங்கேதான் ஓடிவருவார்கள். அதனால் அவர் தார்ப்பாய் பாய். சொந்தப் பெயரை அவர் மனைவியே ஆதார் அட்டையைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

அடுக்கிவைத்த தார்ப்பாய்களின் மேல், கைலியும் பனியனும் ரப்பர் பூட்ஸுமாக அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தோளில் சிவப்பு எலெக்ட்ரிக் கிடார்.

"வாங்க சார், பேங்க்குக்கு வந்திருக்கிற புது சாரா?" என்று கையை நீட்டினார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்திருந்த நான் மரியாதையாகக் கையைக் கொடுத்தேன். அடுத்த நொடி தோள்வரை விறைத்துப்போய் ஒரு சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

"கிடார்ல லேசா கரண்ட் லீக் ஆவுது சார். பயப்படாதீங்க."

"சரிபண்ணக் கூடாதா பாய்?"

"பண்ணிட்டா கண்டவனும் எடுத்து நோண்ட ஆரம்பிச்சிருவானே!"

இளவயதில் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பழைய சாமான் கடையில் சல்லிசாக வாங்கியதாம். 'மேட் இன் ஜப்பான்' என்ற தகட்டைத் தவிர பெயரோ ஊரோ கிடையாது. உடம்பெல்லாம் சுவிட்ச். எதைத் தட்டினாலும் ஒரே சத்தம்தான் வரும். கம்பிகளுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு சுண்டெலி குனியாமல் போய்வரலாம்.

"என் கல்யாணத்துக்கு முன்னாடியே என்கூட வந்திருச்சு சார். இந்த வீட்டுல இதுதான் சீனியர்" என்றார்.

"அதையே கட்டியிருக்கலாம்ல!" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி மும்தாஜ் அக்காவின் குரல் வந்தது.

மாடிக்குக் குடிவந்த பிறகும், பாட்டு என்று அவர் எதையும் வாசித்து நான் கேட்டதில்லை. காதில் விழுவதையெல்லாம் வாசிப்பார். பம்புசெட் வாசிப்பார், மாவு மில் வாசிப்பார். ஒருநாள் மத்தியானம் கும்பகோணம் பஸ்ஸின் ஹாரனை வாசித்துவிட்டார். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டம் பையும் குடையுமாக ரோட்டுக்கு ஓடியது. பஸ்ஸைக் காணோம். டீக்கடைக்காரர்தான் மூச்சிரைக்க வந்தார்: "பாய், கிளாஸோட ஓடுறாங்க பாய்!"

அந்தக் கிடாருக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. பக்கத்தில் நின்று பேசினால் பேச்சை அப்படியே பிடித்து ஸ்பீக்கர் பெட்டியில் போட்டுவிடும். "வயசாயிருச்சுல்ல சார், ஒட்டுக் கேக்குது" என்பார் பாய். பெட்டி வீட்டுக்குள் வரக்கூடாதென்பது மும்தாஜ் அக்காவின் உத்தரவு. எனவே பெட்டி முன்னால் கடையில் இருக்கும். பின்கட்டு அறையில் இருக்கும் கிடாருக்கு ஜன்னல் வழியாக ஒரு நீள வயர் போகும்.

இப்படி இருக்கையில், பாயின் ஒரே மகள் நஸ்ரினைப் பெண் பார்க்க முத்துப்பேட்டையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை. மும்தாஜ் அக்கா காலையிலேயே சொல்லிவிட்டார்: "அந்தச் சனியன் இன்னிக்கு யாரு கண்ணுலயும் படக்கூடாது." பாய் கிடாரைப் பின்கட்டு அறைக் கதவுக்குப் பின்னால் துணிபோட்டு மூடினார். வயரைப் பிடுங்க மறந்துவிட்டார். பெட்டியை அணைக்கவும்தான்.

ஆண்களுக்குக் கடையிலேயே நாற்காலி போட்டிருந்தது. பேங்க்காரர் கூட இருந்தால் கௌரவம் என்று என்னையும் உட்காரவைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் சித்தியும் புர்காவைக் கழற்றிவைக்கப் பின்கட்டு அறைக்குப் போனார்கள். மாப்பிள்ளையின் அத்தா, அதாவது அப்பா, சமோசாவைக் கையில் எடுத்தார்.

எங்கள் தலைக்குமேல் அலமாரியில் இருந்த பெட்டி தொண்டையைச் செருமியது.

"அக்கா, தம்பிக்கு துபாய்ல வேல போயிருச்சுன்னு வாய் தவறிக்கூட சொல்லிராதீங்க" என்று சித்தியின் குரலில் ரகசியம் பேசியது. கடைத்தெருவே கேட்டிருக்கும்.

"நான் ஏன்டி சொல்றேன்? லீவுல வந்திருக்கான்னே வச்சுக்க" என்றது அம்மாவின் குரலில்.

சமோசா வாய்க்குப் போகவில்லை, தட்டுக்கும் திரும்பவில்லை. ஊருக்கெல்லாம் ஷாக் கொடுத்த பாய், தானே ஷாக் வாங்கி உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். கண் பெட்டியை விட்டு அகலவில்லை.

மாப்பிள்ளை மெல்ல எழுந்தார். முகம் வியர்த்திருந்தது.

"உண்மைதான் மாமா. கம்பெனிய மூடிட்டாங்க. மொதல்லயே சொல்லிரலாம்னுதான் சொன்னேன். வீட்டுல கேக்கல. தப்புதான்."

பாய் விறுவிறுவென்று உள்ளே போனார். அவ்வளவுதான், விரட்டப்போகிறார் என்று நான் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினேன். அவர் திரும்பி வந்தபோது தோளில் கிடார், காலில் பூட்ஸ். பின்னாலேயே பேயறைந்த முகத்தோடு இரண்டு பெண்களும், தலையில் கைவைத்தபடி மும்தாஜ் அக்காவும்.

"நீங்க ஒண்ண மறைச்சீங்க. நாங்க இத மறைச்சோம்" என்றார் பாய். "இத வாசிக்கிறது நான்தான் தம்பி. தெனமும் வாசிப்பேன். சம்பந்தம் பண்றதுக்கு முன்னாடி உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்ல?"

உள்வாசலில் நஸ்ரின் வந்து நின்றாள். நேராக மாப்பிள்ளையைத்தான் கேட்டாள்.

"இனிமே என்ன பண்றதா இருக்கீங்க?"

"அங்க ஏசி மெக்கானிக்காதான் இருந்தேன். முத்துப்பேட்டையிலயே கடை போடலாம்னு இருக்கேன். ஆரம்பத்துல கஷ்டமாத்தான் இருக்கும்."

"கஷ்டமா இருக்கும்னு நீங்களே சொல்றீங்கல்ல. அது போதும்" என்றாள்.

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளை வெறுங்காலோடு கிடாரை நெருங்கிவிட்டார். "எர்த் இல்ல போலயே மாமா..." என்று கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்று நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம். அதற்குள் அவர் ஒரு துள்ளு துள்ளித் தன் அத்தாவின் மடியில் போய் விழுந்திருந்தார். நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. அப்புறம் எல்லாரும் சிரித்தோம். சம்பந்தம் முடிவாகிவிட்டது.

கல்யாணமான கையோடு மருமகன் செய்த முதல் வேலை அந்தப் பெட்டிக்கு எர்த் போட்டதுதான். "நாங்க ஊருக்குப் போனப்புறம் மாமாவுக்கு ஒண்ணு ஆயிட்டா என்ன பண்றது மாமி?" என்று மும்தாஜ் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

நஸ்ரின் முத்துப்பேட்டைக்குப் போனாள். கடையில் சத்தம் நின்றுபோனது. மாடியில் நான் எந்த அமைதிக்காக ஆண்டவனை வேண்டிக்கொண்டிருந்தேனோ, அந்த அமைதி முழுசாகக் கிடைத்தது. பாய் கல்லாவில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். கிடார் மூலையில் சாய்ந்திருக்கும். மும்தாஜ் அக்காவே ஒருநாள் என்னிடம், "என்ன சார், மனுஷன் அதத் தொடவே மாட்டேங்குறாரு" என்று கவலைப்பட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிப்போய் அவர் எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"பாய், ஏதாவது வாசிங்களேன்."

திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கிடார் வாங்கிய நாளிலிருந்து அப்படி யாருமே கேட்டதில்லையாம். கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் எடுத்துவந்தார்.

வாசித்தார். சகிக்கவில்லை.

"இன்னொண்ணு வாசிங்க பாய்" என்றேன்.