பாதிப் படம் பார்த்த டோபி

ஆயுள் முழுவதும் ஒரே ஒரு சினிமாப் படத்தை, அதுவும் பாதிப் படத்தை, பார்த்துக்கொண்டே இருந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் தோட்டத்து டோபி. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரிந்து அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. நேரில் பார்த்தால் டோபி, எங்களைப் போன்ற பெண்களுக்கு டோபி அண்ணன், முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் 'பாதிப்படம்'.

போன வாரம் பாரோயில் மகள் வீட்டில் வீடியோவில் ஒரு பேய்ப்படம் போட்டார்கள். ஆரம்பத்திலேயே, இது உண்மையில் நடந்த கொலைகளை வைத்து எடுத்த படம் என்று எழுத்துப் போட்டான். என் மருமகன் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "சும்மா போடுவானுங்க அத்தே, பயப்படாதீங்க" என்றார். நான் படத்துக்குப் பயப்படவில்லை. டோபி அண்ணன் ஞாபகம் வந்து கண் கலங்கியது, அவ்வளவுதான்.

மலாயாவில், சிரம்பானிலிருந்து எட்டு மைல் உள்ளே இருந்த ரப்பர் தோட்டம் எங்களுடையது. ஜப்பான் சண்டைக்கு இரண்டு வருஷம் முன்னால் டோபி அண்ணன் டவுனுக்குச் சவுக்காரம் வாங்கப் போனவர், வெயிலுக்கு ஒதுங்குகிற மாதிரி ஒரு கொட்டகையில் படம் பார்க்க நுழைந்துவிட்டார். திரையில் எழுத்துப் போட்டான். அவருக்குப் படிக்கத் தெரியாது. தெரியாமலே இருந்திருந்தால் பிழைத்திருப்பார். பக்கத்தில் இருந்த புண்ணியவான் சத்தமாகப் படித்துத் தொலைத்தான்: இது உண்மையாக நடந்த கதை.

கதை இதுதான். எப்போது பார்த்தாலும் சிரித்த முகமாக ஒரு பெரிய மனிதர். வழிப்போக்கர்களை வீட்டுக்கு அழைத்து விருந்து போடுவார். இலை போட்டு, பாயசம் ஊற்றியதும், வேலைக்காரன் வெளியே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போடுவான். அதற்குப் பிறகு அந்த விருந்தாளிகளை யாரும் பார்க்க மாட்டார்கள். கடைசியாகப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வருகிறது. இலையில் கை வைக்கும்போது வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டு அந்தப் பெண் கதவைத் திரும்பிப் பார்க்கிறாள்.

அந்த இடத்தில் டோபி அண்ணன் எழுந்தார். முன் வரிசை, பின் வரிசை என்று பார்க்காமல் நாலு பேர் தோளை மிதித்துத் தாண்டி வெளியே வந்து, எட்டு மைலையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்து தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். சவுக்காரமும் குடையும் கொட்டகையிலேயே கிடந்தன. குடையைப் போய்க் கேட்கச் சொன்னதற்கு, "உசுரு இருந்தா நனைஞ்சுக்கிறலாம்" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்தால் போதும், துணி மூட்டையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இதனால் தோட்டத்தில் ஒரு வழக்கமே உண்டானது. டோபிக்கு அழுக்குத் துணி போடும்போது முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி நான் அந்தத் தோட்டத்துக்கு வந்தபோது என் மாமியார் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வீட்டு வேலை அதுதான். என் முகவாகுக்கு அது சுலபமாகவே வந்தது.

இரண்டாவது, தாழ்ப்பாள். லயம் என்கிற வரிசை வீடுகளில் எல்லாருக்கும் கதவுக்கு வெளியே ஒரு தாழ்ப்பாள் இருக்கும், ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும்போது பூட்டிவிட்டுப் போக. டோபி அண்ணன் துணி எடுக்க வரும்போது மூட்டைக்குள் ஒரு சுத்தியலும் வரும். நாம் உள்ளே போய்த் துணியைப் பொறுக்கிக்கொண்டு வருவதற்குள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு அப்பாவி மாதிரி நிற்பார். என் கல்யாண விருந்தன்றே எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் போயிற்று. பந்தியில் எல்லாரும் சாப்பிட, அவர் மட்டும் வாசற்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து உட்கார்ந்து சாப்பிட்டார். எங்கள் கதவை அன்று முதல் கயிறு போட்டுத்தான் கட்டினோம். மாரியம்மன் கோயில் கதவிலும் கை வைக்கப் பார்த்தார். பூசாரி சூலத்தைத் தூக்கிக்கொண்டு வந்ததால் அம்மனுக்கு மட்டும் தாழ்ப்பாள் தப்பியது.

மூன்றாவதுதான் முக்கியம். டவுனுக்குப் போய்வருகிற ஒருவரையும் அவர் விட மாட்டார்.

"அந்தப் பொண்ணு என்னா ஆச்சுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"எந்தப் பொண்ணு?"

"கதவத் திரும்பிப் பாத்துச்சே, அது. நெசமா நடந்த கதைன்னு போட்டானே. அப்ப அது எங்கயோ இருக்கணுமில்ல?"

ஆட்களை வேலை வாங்குகிற எங்கள் மண்டோர் குசும்பு பிடித்த மனிதர். ஒரு தடவை, "அதுவா? பாசார்ல கங்கோங் கீரை வாங்கிக்கிட்டிருந்துச்சுலா, உன்னைக் கேட்டுச்சு" என்று சொல்லிவைத்தார். டோபி அண்ணன் இரண்டு நாள் பாட்டுப் பாடிக்கொண்டு துணி துவைத்தார். மூன்றாம் நாள் யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் எங்கள் துணியெல்லாம் சரியாகவே அலசப்படவில்லை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். பால்வெட்டு முக்கால்வாசி நின்றுபோய், ரப்பர் மரத்துக்கு நடுவே மரவள்ளி போட்டுக் கிழங்கைத் தின்றோம். அரிசியைவிடப் பெரிய பஞ்சம் துணிப் பஞ்சம். ஆண்கள் சாக்கைக் கிழித்து இடுப்பில் கட்டினார்கள். பெண்கள் கிழிசலோடு கிழிசலைச் சேர்த்துத் தைத்தோம். வெளியே போக ஆளுக்கு ஒன்றிரண்டு நல்ல துணிதான் பெட்டியில் இருந்தது. என் பெட்டியில் இருந்தது சிவப்புக் கூறைப்புடவை. எங்கள் வீட்டுக்காரருக்குக் கல்யாண வேட்டி.

அப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை தோட்டத்துக்கு ஒரு லாரி வந்தது. இரண்டு சிப்பாய்களும், தமிழ் பேசுகிற ஒருத்தரும் இறங்கினார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டவுன் கொட்டகையில் இலவசப் படம், சிகரெட்டும் பலகாரமும் உண்டு, லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும், நல்ல திடகாத்திரமான ஆண்பிள்ளைகள் எல்லாரும் கட்டாயம் வர வேண்டும், குடும்பத்தோடு வந்தாலும் சரி என்று அந்த ஆள் சொன்னார். சொல்லிவிட்டு மூன்று பேரும் சிரித்தார்கள். டோபி அண்ணன் அங்கேயே மூட்டையைப் போட்டுவிட்டு மரவள்ளிக்குள் ஓடிவிட்டார். நாங்கள் அதற்கும் சிரித்தோம்.

நான் அதுவரை சினிமாவே பார்த்ததில்லை. எனக்கு இருபது வயது. அன்றே கூறையையும் வேட்டியையும் எடுத்துக்கொண்டு டோபி அண்ணன் துவைக்கிற கொட்டாய்க்குப் போனேன். தோட்டமே அங்கே நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளுத்துத் தந்துவிட வேண்டும் என்று எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னோம்.

சனிக்கிழமை அவர் டவுனுக்கு நடந்தே போய்வந்தார். அந்தப் படத்துக்குப் பிறகு டவுன் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர். திரும்பி வந்து, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்றிருந்த ஆண்களிடம் மூச்சு வாங்கச் சொன்னார்.

"கொட்டாயப் பாத்துட்டு வந்தேன். எல்லாக் கதவுலயும் புதுத் தாழ்ப்பா அடிச்சிருக்கான். வெளிப்பக்கம். போகாதீங்க."

"கொட்டாய்க்குத் தாழ்ப்பாள வெளிய அடிக்காம உன் நெத்தியிலயா அடிப்பான்?" என்றார் மண்டோர்.

களமே சிரித்தது. கோயில் கதவையும் விட்டுவைக்காத மனிதர் தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னால் யார் கேட்பார்கள்? நானும் கேட்கவில்லை. அவர் வீடு வீடாகப் போனார். "நல்ல துணி வேற இருந்தாலும் குடுங்க, கஞ்சி போட்டுத் தாரேன்" என்று பெட்டியில் மிச்சம் இருந்ததையும் வாங்கிப்போனார். மண்டோரும் அவர் மச்சானும் மட்டும் தங்கள் காக்கிச் சட்டையைக் கொடுக்கவில்லை. அதைத் தாங்களே மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை துணி வாங்கப் போனோம். தகர டிரம்மில் வெள்ளாவி கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் துடுப்புக் கட்டையோடு டோபி அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"எங்கண்ணே என் கூறை?"

கட்டையால் டிரம்மைக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். ஐம்பது அறுபது வேட்டிகளுக்கு நட்டநடுவில் என் சிவப்புக் கூறை கொதித்துக்கொண்டிருந்தது. சாயம் இறங்கி டிரம் முழுக்க ரத்தம் மாதிரி நின்றது. சாயத் துணியை வெள்ளாவியில் போடுகிற டோபி இந்த மலாயாவில் கிடையாது. பிறந்த குழந்தைகூட அந்தத் தப்பைச் செய்யாது.

"என்னாய்யா செஞ்சு வச்சிருக்க?" என்று எங்கள் வீட்டுக்காரர் அவர் கழுத்தைப் பிடித்துவிட்டார்.

"தெரியாமப் போட்டுட்டேன்."

"எப்பத் தருவ?"

"காயணுமில்ல. திங்கக்கிழமை ஆவும்."

பதினோரு மணிக்கு லாரி வந்தது. இடுப்பில் சாக்கோடு எவன் டவுனுக்குப் போவான்? அதிலும் பெண்சாதி பக்கத்தில் நிற்கும்போது? லயத்து ஆண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். நாளைக்கு ஆட்டத்துக்கு வருகிறோம் என்று ஒருவர் ஜன்னல் வழியாகவே சொல்லியனுப்பினார். காக்கிச் சட்டை போட்ட மண்டோரும் அவர் மச்சானும் மட்டும் ஏறினார்கள். லாரி கிளம்பும்போது மண்டோர் டோபியைப் பார்த்துக் கையாட்டினார். அன்று முழுவதும் நான் அழுதேன். டோபியின் குடும்பத்துக்கு எனக்குத் தெரிந்த சாபமெல்லாம் விட்டேன். அவருக்குக் குடும்பம் இல்லை என்பது அப்போது எனக்கு நினைவில்லை.

திங்கட்கிழமை காலை ரோஸ் நிற வேட்டிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது, பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் சிலர் டவுனிலிருந்து நடந்தே வந்தார்கள். தண்ணீர் கேட்டார்கள். ஒருத்தி குடிக்காமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"படம் ஓடிக்கிட்டிருந்துச்சு. கதவச் சாத்திட்டாங்க. பொம்பளைங்கள வெளிய தள்ளிட்டு ஆம்பளைங்கள லாரியில ஏத்திட்டாங்க. சயாமுக்கு ரயில் போடவாம்."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்கள் வீட்டுக்காரர் என் பக்கத்தில் சாக்கைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் நாலு பேர் பார்க்கப் புருஷன் கையைப் பிடிக்கிற பழக்கம் கிடையாது. அன்று எல்லாப் பெண்களும் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

டோபி அண்ணன் வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார். வழக்கப்படி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

அதற்குப் பிறகும் ஆள் பிடிக்க வந்தார்கள். ஆனால் எங்களுக்குத் தெரிந்துவிட்டதே. லாரிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே ஆண்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள். சண்டை முடிகிறவரை எங்கள் தோட்டத்து ஆண்கள் திருவிழா, சாவு எல்லாவற்றுக்கும் ரோஸ் வேட்டிதான் கட்டினார்கள். வேறு தோட்டத்துக்காரர்கள் கேலி செய்வார்கள். எங்கள் ஆட்கள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

சண்டை முடிந்து மண்டோர் திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக, தனியாக. மச்சான் சயாமிலேயே செத்துப்போனார். மண்டோர் முதலில் போனது வீட்டுக்கு அல்ல, டோபி கொட்டாய்க்கு.

"அன்னைக்கு என் சட்டையையும் புடுங்கிப் போட்டிருக்கலாமில்ல?"

"கேட்டேனே மண்டோரே."

"கேட்டா நான் குடுப்பனா? புடுங்கியிருக்கணும்."

இரண்டு பேரும் அந்தத் துவைக்கல்லில் உட்கார்ந்து அழுததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். கிட்டே போகவில்லை.

சில வருஷம் கழித்து அந்தப் பழைய படம் சிரம்பானுக்கு மறுபடி வந்தது. நானும் வீட்டுக்காரரும் போனோம். முழுசாகப் பார்த்தோம். தாழ்ப்பாள் விழுகிறது, அந்தப் பெண் திரும்பிப் பார்க்கிறாள், அடுத்த பத்து நிமிஷத்தில் இரண்டு பேரையும் கொன்றுவிடுகிறான். டோபி அண்ணன் எழுந்து ஓடியது எவ்வளவு சரி என்று அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் வீடு திரும்பினால் வாசற்படியில் அவர் காத்திருக்கிறார், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"தங்கச்சி, அந்தப் பொண்ணு என்னா ஆச்சு?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"தப்பிச்சிருச்சுண்ணே."

"நெசமாவா? புருசன்?"

"புருசனுந்தான். தாழ்ப்பா போட்டிருக்குன்னு ஒருத்தர் முன்னாடியே பாத்துச் சொல்லிட்டாரு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. புள்ளைகூடப் பொறந்துருச்சு."

அவர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நான் சிரித்தேன். அவர் ஓடவில்லை. மெதுவாக வெளிக்காலையும் உள்ளே எடுத்து வைத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப சோத்தப் போடு தங்கச்சி."