ஜோப்பு அக்கா தைத்த உடுப்பு

பள்ளிபாளையத்திலிருந்து குமாரபாளையம் பாலம் வரை உள்ள அத்தனை ஆண்களையும் வரிசையில் நிறுத்தி, சட்டைப் பையில் இருப்பதையெல்லாம் கொட்டச் சொன்னாலும், ஜோப்பு அக்காவின் ஒரே ஒரு உடுப்பிலிருந்து விழுவதற்கு ஈடாகாது. கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன். ஒரு நாள் அளவு டேப்பைக் காணோம் என்று எல்லா ஜோப்பையும் என் மேசையில் கவிழ்த்தார். இரண்டு கத்தரி, நாலு நூல்கண்டு, ஒரு கைப்பிடி ஊக்கு, ரேஷன் கார்டு, பாதி கடித்த கொய்யாக்காய். டேப் அவர் கழுத்திலேயே கிடந்தது.

வெளிநாட்டுப் பெண்களுக்குக் கைத்தறித் துணியில் உடுப்புத் தைத்து அனுப்பும் கம்பெனி எங்களுடையது. பெயர் வேண்டாம், விடுங்கள். அக்கா அங்கே சாம்பிள் மாஸ்டர். அதாவது புதிதாக ஒரு உடுப்பை யோசித்து, வெட்டி, முதல் உருப்படியைத் தைத்துக் காட்டுகிறவர். இடம், பின்பக்கத் தகரக் கொட்டகை. நான் முன்பக்கத்து ஏசி அறையில் இங்கிலீஷில் மெயில் அடிக்கிறவள். எம்.ஏ. படித்த வாய் என்று அந்தக் கம்பெனியில் என் வாய்க்கு மட்டும் தனி மரியாதை. அந்த வாய் செய்த காரியத்தைப் பிறகு சொல்கிறேன்.

அக்கா உடுத்தியது சேலையும் இல்லை, சுடிதாரும் இல்லை, பேண்ட் சட்டையும் இல்லை. மூன்றிலும் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தது மாதிரி ஒன்று. குமாரபாளையத்துக் கட்டம் போட்ட லுங்கித் துணியில் முழங்கால் வரை காலர் இல்லாத நேர்ச்சட்டை. சேலத்து வேட்டித் துணியில் தொளதொளவென்று கால்சட்டை. மார்கழி வந்தால் பவானி ஜமுக்காளத்தில் கையில்லாத கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாண மண்டபத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தபோது, யார் வீட்டுக் குழந்தையோ வந்து அவர் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டது. ஐம்பதை நெருங்கிய பெண்மணி, முகூர்த்தம் முடியும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஜரிகை கூடாது, கண்ணாடி கூடாது, முதுகில் குஞ்சலம் கூடவே கூடாது. கேட்டால், “துணி நெசவுக்காரரு ஊட்டுல நல்லாத்தானுங்க இருக்குது. நாம வாங்கியாந்து கெடுக்காம இருந்தாப் போதும்” என்பார். ஆனால் ஜோப்பு மட்டும் இருந்தாக வேண்டும். இரண்டு வெளியே, ஒன்று உள்ளே. “ஆம்பளைக்கு மட்டும் கை ரெண்டும் சும்மா தொங்கோணும், பொம்பளைக்கு மட்டும் பையத் தூக்கீட்டே அலையோணுமா?” என்று கேட்டுக் கேட்டு, அந்தப் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

ஒருமுறை வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் பின்னாலிருந்து, “அண்ணா, டிக்கெட் எடுங்க. மகளிருக்குத்தான் இலவசம்” என்றார். அக்கா திரும்பி, “ஏனுங்க, ஜோப்பு இருந்தா ஆம்பளையா? உங்கூட்ல அம்மிணிகளுக்கு ஜோப்பே கெடையாதா?” என்று ஆரம்பித்தார். கண்டக்டர் மன்னிப்புக் கேட்டும் விடவில்லை. இறங்குவதற்குள் அவருடைய மனைவியின் தோள் அளவைத் தோராயமாகக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அதுதான் அவருக்கு வினையாகப் போனது. கைத்தறித் துணியின் கரையோரத்தில் ஊசி குத்தியது மாதிரி பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கும். நெய்யும்போது துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்கிற குச்சி விட்ட தடம் அது. யார் என்ன கட்டி வந்தாலும் அக்கா கரையைப் புரட்டி அந்த ஓட்டையைத் தேடுவார். எங்கள் முதலாளியின் புது வீட்டு விசேஷத்தில், அவருடைய மருமகள் ஊரையே கூட்டித் தன் பட்டுச் சேலையைக் காட்டிக்கொண்டிருந்தார். கைத்தறி, சொல்லி வைத்து நெய்தது என்று பெருமை. அக்கா போய் முந்தானையின் கரையைப் புரட்டினார். ஓட்டையைக் காணோம். அப்புறம், இழவு வீட்டில் பேசுகிற குரலில், “அம்மிணி, இது பவர்லூமு சாமி. நல்லா ஏமாத்திப்போட்டானுங்க” என்றார். பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட ஒரு நிமிடம் நின்றுவிட்டார். மருமகள் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையை அக்காவின் கையிலிருந்து உருவிக்கொண்டார்.

எங்கள் முதலாளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறும். உலகம் பூராவும் கைத்தறி விற்கிற அந்த மகராசன், ஆபீஸில் வேலை செய்யும் பெண்களுக்குத் தீபாவளிக்குக் கொடுப்பது பாலியெஸ்டர் சேலை. ஊதா நிறம், வெள்ளைப் பூ. அதைத்தான் கட்ட வேண்டும் என்பது சட்டம். சித்திரை வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு கைத்தறியின் குளுமையைப் பற்றி வெளிநாட்டுக்கு மெயில் எழுதியிருக்கிறேன். அக்கா தைக்கிற உடுப்பை வெள்ளைக்காரி போட்டால் ஃபேஷன், அக்காவே போட்டால் கோமாளித்தனம். கொட்டகைக்குள் கிடக்கிறார், யாரும் பார்ப்பதில்லை என்பதால் விட்டுவைத்திருந்தார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த உடுப்பைத் தைத்தார் அக்கா. முன்னால் திறந்து, ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தின் மேல் சுற்றி, இடுப்பில் ஒரு துளை வழியாக நாடாவை விட்டுக் கட்டுகிற கவுன். குமாரபாளையத்து நீலக் கட்டம். பித்தான் கிடையாது, ஜிப்பு கிடையாது. குண்டானவளுக்கும் சேரும், ஒல்லியானவளுக்கும் சேரும், பிள்ளை பெற்ற மறுமாதமும் சேரும். படத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிய இரண்டாம் நாள் பதில் வந்தது. வாங்க வருகிறவர்களை எங்கள் ஊரில் பையர் என்போம். அந்தப் பையரம்மா எழுதியிருந்தார்: இதை யோசித்த பெண்ணை நேரில் பார்க்க வேண்டும், உடுப்பில் தொங்கவிடும் அட்டையில் அவருடைய பெயரை அச்சடிக்கப் போகிறோம்.

கொட்டகைக்கு ஓடிப்போய்த் தமிழில் படித்துக் காட்டினேன். அக்கா மிஷினை நிறுத்தினார்.

“எம்பேரா? அட்டையிலயா?”

“ஆமாங்க்கா.”

“இன்னொருக்காப் படி கண்ணு.”

மூன்று முறை படிக்க வைத்தார். இருபத்திரண்டு வருடம் தைத்த உடுப்பில் ஒன்றில்கூட அவர் பெயர் போனதில்லை.

முதலாளி வேறு கணக்குப் போட்டார். “அந்தம்மாவ முன்னால நிறுத்துனா நல்லாவா இருக்கும்? மருமவ கோயமுத்தூர்ல மூணு மாசம் ஃபேஷன் படிச்சுருக்குது. அது போட்டுக் காட்டட்டும்” என்றார். அக்காவிடம், நீங்களும் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் மரியாதையாகச் சேலை கட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியனுப்பினார். அக்கா சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். போடவில்லை. “பேரு வரோணுமல்லொ கண்ணு. ஒரு நாளைக்குத்தானே” என்றார்.

அன்றைக்கு ஊதாச் சேலையில் வந்தார். எங்களுக்கு அடையாளமே தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் வைத்தார், கட்டிக்கொண்டார், முந்தானைக்குள் ஒளித்தார். சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பையரம்மா வந்தார். நெடுநெடுவென்று வயதான அம்மாள், கசங்கின வெள்ளைப் பருத்திச் சட்டை. மருமகள் நீலக் கவுனில் மினுக்கிக்கொண்டு நின்றார். அக்காவைக் கேட்காமல் தானே கட்டிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் மேலே வர வேண்டியது இடப்பக்கம் வந்து, பாவாடை நாடா மாதிரி வயிற்றில் ஒரு முரட்டு முடிச்சு. பையரம்மா ஆசையாக, “ஜோப்பு எங்கே, காட்டேன்” என்றார். மருமகள் இடுப்பைத் தடவினார். அந்தப் பக்கம் தடவினார். ஜோப்பு உள்ளே மடங்கிக் கிடந்தது. தன் உடுப்பில் தானே திருடனைத் தேடுகிற மாதிரி தடவிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றினார்.

“ஏம்மா! வந்து எடுத்து வுடுங்க!” என்று முதலாளி கத்தினார். அக்கா வந்தார். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, பிரித்து, சுற்றி, நாடாவைத் துளையில் விட்டு இழுத்தார். ஜோப்பு இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்தன. பையரம்மா மருமகளைப் பார்க்கவில்லை, அக்காவின் விரலையே பார்த்தார். என் பக்கம் திரும்பி, “இவர் யார்? இதைத் தைத்தது இவரா?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

அக்காவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. முகமெல்லாம் மலர, “நாந்தான் தச்சேன்னு சொல்லு கண்ணு. எம்பேரச் சொல்லு” என்றார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார், பாவி. மிரட்டவில்லை, மிச்சத்தை நானே செய்தேன். “இவர் எங்கள் தையல்காரம்மா. உங்களைப் பார்த்ததில் ரொம்பச் சந்தோஷம் என்கிறார்” என்று அருமையான இங்கிலீஷில், ஒரு பிழையில்லாமல் சொன்னேன். பையரம்மா அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா கும்பிட்டார்.

அவர்கள் போன பிறகு என்னிடம் வந்தார். “சொல்லிப்போட்டியா கண்ணு?”

“சொல்லிட்டனுங்க்கா.”

“சரி சாமி” என்று கொட்டகைக்குப் போனார்.

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆறு மாதம் சும்மா இருந்து கிடைத்த வேலைதான். ஆனாலும் அந்த நிமிடத்தில் எனக்கு வேலையெல்லாம் ஞாபகம் வரவில்லை. பெரிய மனிதர் ஒருவர் பார்த்தார், நான் மடங்கினேன். அவ்வளவு மலிவான காரியம்.

ஆர்டர் வந்தது. அத்தனை உருப்படிக்கும் அக்காதான் வெட்டிக் கொடுத்தார். ஒரு குறையும் வைக்கவில்லை. அப்புறம் அட்டைகள் வந்தன. அக்கா ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக என் அறைக்கு வந்தார். மறுபடியும் லுங்கித் துணிச் சட்டை. “படி கண்ணு.”

மருமகளின் பெயரைப் படித்தேன். அக்கா தலையாட்டினார்.

“அன்னிக்கே தெரியும் சாமி.”

“எப்படிங்க்கா?”

“எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா எம்பேரு இங்கிலீசுலயும் எம்பேருதானே. நீ பேசுனதுல அது வரவே இல்லியே.”

“அப்புறம் ஏங்க்கா சொல்லிட்டியான்னு கேட்டீங்க?”

“நீயாச் சொல்லுவியான்னு பாத்தேன்” என்றார். திட்டியிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன்.

“தெரிஞ்சும் எதுக்குங்க்கா அத்தனையும் வெட்டிக் குடுத்தீங்க?”

“துணி என்ன பாவம் பண்ணுச்சு? அதோட எனக்கென்ன சண்டை?”

திங்கட்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. இப்போது பள்ளிபாளையத்தில் வீட்டிலேயே தைக்கிறாராம். நர்ஸுகள், காலேஜ் பெண்கள், அந்தக் கண்டக்டரின் மனைவி என்று கூட்டமாம். இரண்டு முறை அந்தத் தெரு முனை வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். மன்னிப்பு என்று வாயைத் திறந்தால், “டீ குடிக்கறியா கண்ணு” என்று கேட்டுவிடுவார். அதை என்னால் தாங்க முடியாது.

நான் இன்னும் அதே ஏசி அறையில்தான் இருக்கிறேன். முதலாளி இது வெளிவரும் இந்த வாரப் பத்திரிகையை வாங்குவாரா, வாங்கினால் என்ன செய்வார் என்று தெரியவில்லை. செய்யட்டும். பையரம்மா அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆமாம் அம்மா, இவர்தான் தைத்தார். இவர் பெயர் பாவாயி.