மே மாதத்தில் ஹீட்டர் போட்டவர்

வேலூர் மாவட்டத்து வெயிலுக்குப் பயப்படாதவை இரண்டுதான். ஒன்று, பாலாற்று மணல். இன்னொன்று, டர்போ.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூர் ஷூ கம்பெனியொன்றில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். டர்போ அங்கே சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். ஒரு பழைய டீசல் காரில், காயலான் கடையில் கிடைத்த லாரி டர்போவை மாட்டியதிலிருந்து ஊருக்கே அவர் டர்போ. பெற்றவர்கள் வைத்த பெயர் சும்மா கிடந்தது. டர்போ என்றால் ஏதோ பிஸ்கட் என்று நினைத்திருந்த எனக்கு அவர்தான் விளக்கினார்: "புகை போற வேகத்துல சுத்தி, இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கித் திணிக்கும் சார். வண்டி பறக்கும்."

பறந்தது. கூடவே கொதித்தது. லாரிக்கென்று செய்த சாமான் காருக்குள் தணலாகச் சிவந்து, பானெட்டுக்கு அடியில் இருந்த எல்லாவற்றையும் வறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாரன் ஒயர் உருகி ஒட்டிக்கொள்ள, ஆராதனை நடுவே சர்ச் வாசலில் வண்டி ஓயாமல் அலறியது. பாஸ்டர் பிரசங்கத்தைப் பாதியில் முடித்தார். சபையில் பலர் டர்போவை மனசுக்குள் வாழ்த்தினார்கள்.

"டர்போவைக் கழட்டிப் போட்டுடுங்க சார்" என்றார் மெக்கானிக்.

"சூட்டுக்குப் பயந்தவன் இந்த ஜில்லாவுல குடியிருக்கவே கூடாதுப்பா" என்றார் இவர்.

எங்கள் ஊரில் எந்தச் சிக்கலுக்கும் முதல் மருந்து தோல். ஆடும் மேஜைக்கு அடியில் தோல், ஒழுகும் குழாய்க்குத் தோல் வாஷர், கிறீச்சிடும் கதவுக்கும் ஒரு துண்டுத் தோல். வெல்டர்களின் கையுறைத் தோல் நெருப்பையே தாங்கும்போது டர்போவைத் தாங்காதா? டர்போவுக்கும் புகைக்குழாய்க்கும் அளவெடுத்து ஒரு ஜாக்கெட் தைத்தார். எக்ஸ்போர்ட் தரத்தில் இரட்டைத் தையல். வெல்டர் அவ்வப்போது கையை எடுத்துவிடுவார் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. மாதனூர் தாண்டுவதற்குள் ஜாக்கெட் சுருங்கி, முறுகி, புகைந்தது. தோல் பதனிடும் ஷாப் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

அவர் மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். நாங்கள் சிஸ்டரம்மா என்போம். கருகிய ஜாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஜுரம் அடிக்கிற பேஷண்ட்டுக்கு யாராவது கம்பளி போத்துவாங்களா? இன்னொரு தபா வழியில நின்னுச்சு, காயலான் கடைக்காரனை நானே கூப்ட்டு ஏத்தி அனுப்பிடுவேன்."

"நிக்காது. ஏலகிரி மலை ஏத்திக் காட்டுறேன். நின்னா குடுத்துடு."

ஜாக்கெட் போய்த் தகரத் தடுப்பு வந்தது. சூடு வெளியேற, பானெட்டின் பின்பக்கத்தை வாஷர் அடுக்கி விரல் நுழையும் அளவுக்குத் தூக்கினார். அதோடு நின்றிருந்தால் அவர் சாதாரண மனிதர். மலைப்பிரதேசத்துக் கார் ஒன்றின் ஹீட்டரைத் தேடிப் பிடித்துப் பொருத்தினார். இன்ஜினில் கொதிக்கும் தண்ணீரின் சூட்டை உருவி, அது காருக்குள் ஊதும்.

"மே மாசத்துல ஹீட்டரா?" என்று அலறினேன்.

"யாராவது ஒருத்தர் வேர்க்கணும் சார். அது இன்ஜினா இருக்கக் கூடாது."

ஏறினோம். முன்னால் அவரும் சிஸ்டரம்மாவும். பின்னால் சாட்சியாக நான், அரைவேக்காட்டில். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்கு மயிரிழை கீழே நடுங்கிக்கொண்டிருந்தது. கடைசி வளைவுக்கு முன் டர்போ மனைவியைத் திரும்பிப் பார்த்தார். புடவை தொப்பலாக நனைந்து, முகம் வெளுத்திருந்தது. ஹீட்டரை நிறுத்தினார். முள் சிவப்பைத் தொட்டது.

"ஓரங்கட்டுறேம்மா. வண்டி போனா போவட்டும்."

சிஸ்டரம்மா ஹீட்டர் குமிழைப் பிடித்து முழுசாகத் திருப்பினார். "இன்னா பண்றீங்க? இவ்ளோ நேரம் வெந்தது எதுக்கு? இப்ப நிறுத்துனா நான் இறங்கி நடந்தே போய்டுவேன். மிதிங்க!"

மிதித்தார். முள் முனகிக்கொண்டே இறங்கியது. வண்டி மலை மேல் ஏரிக்கரையில்தான் போய் நின்றது. அவர்கள் இருவரும் ஒரே முந்தானையில் முகம் துடைத்துக்கொண்டார்கள். நான் மரியாதையாக ஏரியைப் பார்த்தேன்.

இப்போது என் காரில் ஏசி உண்டு. ஏலகிரி ஏறும்போது முள் சமர்த்தாக நடுவிலேயே நிற்கும். ஆனாலும் கடைசி வளைவில் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரைப் போடுவேன். "பைத்தியமா உங்களுக்கு?" என்பாள் என் மனைவி.

இருக்கட்டும். அந்த மனிதருக்காக ஒருத்தராவது வேர்க்க வேண்டாமா?